பச்சை பெயிண்ட் அடித்த இன்ஜின்

மே 12, திங்கள்

காலையில் தூறல். மே மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்கும் ஊர். வெளியே கிளம்பியதும் தூறல் நின்று சுள்ளென்று வெயில். எனக்கு வீக்லி ஆஃப். மத்திகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை பைக்கில். இவர் ஓட்ட, நான் பின்னால், சிலிண்டர் தேய்மானம் அளக்கிற போர் கேஜ் பெட்டி மடியில். பாப்பா லீவுக்கு சாத்தூரில் அம்மாவிடம். அவள் உட்காரும் இடத்தில் இப்போது பெட்டி. வழியெல்லாம் மாங்காய் லாரி. ஒன்றை முந்தினால் அடுத்தது.

காரியம்: பெங்களூர் கண் டாக்டரின் அந்தக் காலத்து ஹெரால்டு காருக்கு இன்ஜின். வண்டி எங்கள் ஷெட்டில் பாடியாக மட்டும் நிற்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் டீசல் இன்ஜினைத் திணித்து, அதுவும் செத்து, கழற்றிப் போட்டாயிற்று. ஹெரால்டின் பானெட் மூக்கோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். கவிழ்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பார்க்கிற போதெல்லாம் உடனே மூடிவிடுகிறேன்.

பார்த்தவை:

1. பழையபேட்டை, பாஷா பாயின் காயலான் கடை. ஹெரால்டு இன்ஜின்தான். கனெக்டிங் ராடு இன்ஜினின் உடம்பான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. ஓட்டைக்குள் என் கை நுழைகிறது. ரிஜெக்ட்.

2. அதே கடை, பின்பக்கம். ஹெட் மட்டும் ஹெரால்டு. பிளாக் வேறு ஏதோ. "ஜோடி போட்டு வச்சிருக்கன் மேடம், பாக்க நல்லாத்தானே இருக்கு" என்கிறார் பாய். கல்யாணத் தரகரா இவர்? ரிஜெக்ட்.

3. சூளகிரி தாண்டி ஒரு மாந்தோப்பு. கிணற்று மோட்டாருக்குப் பதிலாக ஓடியதாம். பிஸ்டன் நான்கும் துருவில் இறுகிவிட்டன. கார்புரேட்டர் வாயில் குளவிக்கூடு. ரிஜெக்ட். குளவியும் என்னை ரிஜெக்ட் பண்ணியது, இடது மணிக்கட்டில்.

பாஷா பாய் கொடுத்த டீ நன்றாக இருந்தது. நாங்கள் கிளம்பும்போது இவரிடம் மெதுவாக, எனக்குக் கேட்கிற மாதிரியே, "உன் வீட்டம்மாவ கூட்டிக்கினு வந்தா இந்த ஜில்லாவுல இன்ஜின் கெடைக்காது தம்பி" என்றார். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை டாக்டர் வருகிறார். ஒழுங்கான இன்ஜின் காட்டாவிட்டால் வண்டியைப் புனேயில் வேறு மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுவாராம். அந்த வண்டியை நம்பித்தான், பார்ட்ஸ் அளந்து பாஸ் பண்ணுகிற என் கம்பெனி வேலைக்கு ரிசைன் லெட்டர் கொடுத்தேன். இவர் மெக்கானிக், நான் இன்ஸ்பெக்‌ஷன், இனி இரண்டு பேரும் ஒரே ஷெட். மனசு மாறினால் வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் லெட்டரை வாபஸ் வாங்கலாம் என்று எச்.ஆர். மேடம் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் என் சீட்டில் வேறு ஆள்.

வாபஸ் வாங்குவேனா? தெரியாது. வீட்டு வாடகை, பாப்பா ஸ்கூல் எல்லாம் என் சம்பளம். ஷெட் வருமானம் வந்தால் உண்டு. ஆனாலும் எழுதிக் கொடுத்த அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்!

மே 13, செவ்வாய்

ஃபர்ஸ்ட் ஷிப்ட். கை வேலையில், மனசு காயலான் கடையில். ஒரு டிரே நிறைய நல்ல புஷ்ஷை இரண்டு தடவை அளந்தேன். பக்கத்து டேபிள் சரோஜா, "அக்கா, அது பாஸாகி அரை மணி நேரம் ஆச்சு" என்றாள்.

லஞ்சில் இவர் போன். குரலிலேயே துள்ளல்.

"கெடச்சிட்ச்சி மலரு! நம்மூர்லயே இருக்குது, ஊரெல்லாம் தேடிக்கினு இருந்தோம் பாரு."

காவேரிப்பட்டினம், இவர் பிறந்த ஊர். அங்கே மைக்செட் வைத்திருக்கும் துரைசாமி அண்ணன். பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய இன்ஜினில் ஜெனரேட்டர் மாட்டி, எத்தனையோ வருஷம் திருவிழாவுக்கு சீரியல் லைட் எரித்திருக்கிறார். அந்த வேனுக்கும் ஹெரால்டுக்கும் ஒரே இன்ஜின்தான். அண்ணன் புது ஜெனரேட்டர் வாங்கியதும் இதை ஓரம் கட்டிவிட்டார்.

"நான் பார்க்காம வாங்காதீங்க."

"வண்டில ஏத்திட்டன்."

ஏற்றிவிட்டாராம். அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும்? கோபம் வந்தது. அதற்குக் கீழேயே ஆசையும் வந்தது. ஷிப்ட் முடியும்வரை இருப்புக் கொள்ளவில்லை.

சாயங்காலம் ஷெட்டில் பார்த்தேன். உருவம் சரி. நம்பர் இருக்கிறது, யாரும் தேய்க்கவில்லை. கிராங்க் கையால் சுற்றுகிறது. சுற்றும்போது வரும் அந்த எண்ணெய் சத்தம், ப்ச் ப்ச் என்று. தொட்டுப் பார்த்தேன், கறுப்பாகக் கையில் ஒட்டியது. நாளை பிரித்துவிடுவார்.

டாக்டர் போன், கன்னடத்தில்: "இன்ஜின் சிக்தா மேடம்?" கிடைத்தது என்றேன். நல்ல இன்ஜினா என்றார். அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மே 14, புதன்

மேகமூட்டம். கேஸ் புக் பண்ண வேண்டும். மணிக்கட்டு வீக்கம் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸைக்கூட வைக்காமல் ஷெட்டுக்குப் போனேன். இன்ஜினைப் பிரித்துக் கழுவியாயிற்று. அதோடு விட்டாரா? பிளாக்குக்கு பச்சை பெயிண்டும் அடித்து வைத்திருக்கிறார்! அளப்பதற்கு முன்னால் பெயிண்ட் அடிக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"துரு ஏறிடும்ல மலரு."

"ஒரு நாள்லயா?"

"மழக்காத்து அடிக்குது பாரு."

சரி, தொலையட்டும். அளந்தேன். நான்கு சிலிண்டரும் அளந்தேன். மேலே, நடுவில், கீழே, திருப்பிப் போட்டு மறுபடி. ஜெனரேட்டர் ஓட்டிய இன்ஜின் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தேய்மானம் கொஞ்சம்தான். சிலிண்டரை லேசாகக் கடைந்து ரீபோர் பண்ணி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டால் போதும். கிராங்க் ஜர்னல் கண்ணாடி மாதிரி. நான் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற பழக்கம் இல்லாதவள். நன்றாக இருக்கிறது என்றேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

"பிரஷர் டெஸ்ட் போடணும்" என்றேன். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் அடைத்து, பம்பில் அழுத்தம் கொடுத்து, பிளாக் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது.

"நீ ஷிப்டுல இருந்தப்பவே போட்டுட்டன். ஒன்னும் இல்ல."

சரி என்றேன். பதினெட்டு வருஷ சர்வீஸில், பார்க்காமலே ஓகே சொன்ன முதல் பீஸ் இது. புருஷன் சொன்னதற்கெல்லாம் ரிப்போர்ட் கேட்க முடியுமா?

முட்டை தோசை. இவர் நான்கு சாப்பிடுகிற ஆள், இரண்டோடு எழுந்துவிட்டார்.

மே 15, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் ஷிப்ட் விட்டு நேராக ஷெட். இவர் கேஸ்கெட் வாங்க பெங்களூர் போயிருந்தார். வால்வு கைடு அளக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிளாக்கில், புகை போகும் மேனிஃபோல்டு உட்காரும் இடத்துக்குக் கீழே சும்மா கையை ஓட்டினேன். வார்ப்பிரும்பு கொத்திவிட்ட அம்மி மாதிரி சொரசொரவென்று இருக்கும், பெயிண்ட் அடித்தாலும் விரலுக்குத் தெரியும். ஒரு இடத்தில் மட்டும் வழவழப்பு. விரலை எடுத்தேன். மறுபடி வைத்தேன். வழவழப்பு.

ஸ்கிரைபர் முனையால் ஒரு ஓரம் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே சாம்பல் நிறம். இரும்பு இல்லை, ஓட்டை அடைக்கிற பட்டி. முனை உள்ளே இறங்கியது, சோப்பில் இறங்குவது மாதிரி.

இன்னும் கொஞ்சம் தள்ளி நல்ல இரும்பு வரும்வரை சுரண்டினேன். மண்ணெண்ணெய் தொட்டு வைத்தேன். துடைத்தேன். கைப்பையில் இருந்த முகப் பவுடரைத் தட்டினேன். வெள்ளையில் மெல்ல ஒரு கறுப்புக் கோடு எழுந்து வந்தது. கிராக். பட்டி போட்ட இடத்தோடு நிற்கவில்லை, அதைத் தாண்டியும் போகிறது. இவர் கண்ணுக்குத் தெரிந்தவரைதான் மூடியிருக்கிறார்.

சிலிண்டரைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் சுவரில் கிராக் விழுந்த பிளாக். சூடேறினால் வாய் திறக்கும். டாக்டர் முதல் நீண்ட பயணத்திலேயே ஹைவே ஓரம் ஆவியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிரஷர் டெஸ்ட் போடவே இல்லை. அல்லது போட்டு, பார்த்து, மூடியிருக்கிறார். எது மோசம்?

ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நான் வெள்ளிக்கிழமை லெட்டரை வாங்கிக்கொண்டு கம்பெனிக்கே திரும்பிவிடுவேன் என்று பயம். அதற்காக என்னையே, அளந்து பார்த்து வயிறு வளர்க்கிற என்னையே, ஏமாற்றுவதா? அழுதேன். ஷெட்டில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

அப்புறம் நான் செய்ததுதான் எனக்கே புரியவில்லை. அதே டப்பாவைத் திறந்தேன். அதே பிரஷ். சுரண்டிய இடத்தை மூடி, சுற்றியும் சேர்த்துப் பச்சை அடித்துவிட்டேன்.

கேட்டால் ஒத்துக்கொள்வார். ஆனால் கேட்டு வாங்குகிற உண்மை எனக்கு வேண்டாம். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சப்ளையர் தானே வந்து "இந்த லாட்டில் குறை இருக்கிறது" என்று சொன்னால் உட்கார்ந்து பேசுவோம், டீவியேஷன் போட்டு ஏதாவது வழி பண்ணுவோம். நாங்கள் கண்டுபிடித்தால் பேச்சே இல்லை, மொத்த லாட்டும் ரிட்டர்ன், அப்புறம் அந்த ஆளோடு வியாபாரமும் இல்லை. நாளை ஆபீஸ் மூடுவதற்குள் இவராகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லெட்டரை வாங்கிவிடுவேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர், "மலரு, ஒன்னு சொல்லணும்" என்றார்.

தட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.

"கேஸ் புக் பண்ணிட்டன்."

பாவி மனுஷன்.

மே 16, வெள்ளி

காலையில் பொங்கல் அடிப்பிடித்தது. இவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே ஒரு குற்றவாளியின் லட்சணம்.

ஷிப்ட் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே. பாப்பா ஒரு தடவை கூப்பிட்டாள், நாய்க்குட்டி வாங்கலாமா என்று. வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன் போல. இவரிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஷிப்ட் முடிந்து எச்.ஆர். ரூம் வாசல் பெஞ்ச். மேடம் உள்ளே யாரோ டிரெய்னிகளோடு. "வெயிட் பண்ணு மலர்" என்றார். வெயிட் பண்ணுவதைத் தவிர இந்த வாரம் வேறு என்ன செய்தேன்? எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த பஸ் ரூட்டெல்லாம் படித்தேன். மறுபடி தண்ணீர்.

வருவார் என்று ஒரு மனசு. வர மாட்டார், பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் எந்தக் கெட்ட செய்தியைத் தானாக வந்து சொல்லியிருக்கிறார் என்று இன்னொரு மனசு.

டிரெய்னிகள் வெளியே வந்தார்கள். நான் எழுந்தேன். அப்போதுதான் செக்யூரிட்டி போன்: "மேடம், உங்க வீட்டுக்காரர் கேட்ல நிக்கிறார்."

ஓடினேனா நடந்தேனா தெரியாது.

பைக்கை ஸ்டாண்ட் போடாமல் காலூன்றி நின்றார். ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே பேசினார்.

"பிளாக் கிராக் மலரு. மேனிஃபோல்டுக்குக் கீழ. நான்தான் பட்டி வச்சி மூடிட்டன்."

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"திருவிழாவுல ஒரு தடவ தண்ணி வத்தி சூடாயிட்ச்சாம். எவனோ பச்சத் தண்ணிய ஊத்திட்டானாம். ஏத்தும்போதே தொரசாமி அண்ணன் சொன்னாரு. நான்தான் இருக்காதுன்னு... நீ உள்ள போயி லெட்டர வாங்கிடு. ஆபீஸ் மூடறதுக்குள்ள போ. என்ன நம்பி இந்த வேலய உடாத."

கடைசி வார்த்தைக்குக் குரல் உடைந்தது. ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஹெல்மெட்டைப் பிடித்துக் கழற்றி ஒரு அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டும் இல்லை.

"இருங்க, வாரேன்" என்று உள்ளே போனேன்.

மேடம் என் லெட்டரை எடுத்து மேஜையில் வைத்திருந்தார். "என்ன மலர், கிழிச்சிடலாமா?"

"வேண்டாம் மேடம். இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சியா?"

"இல்ல மேடம்."

வெளியே வந்து பைக்கில் ஏறினேன். "வாங்கிட்டியா?" என்றார். "இல்ல" என்றேன். மத்திகிரி வரும்வரை வண்டி கொஞ்சம் ஆடியது.

எனக்கு முன்பே தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவர் தைரியமாக வந்து சொன்ன சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொள்கிறேன்.

மே 17, சனி

பளிச்சென்று வெயில். லீவு போட்டுவிட்டேன். டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. உட்கார ஸ்டூல் துடைத்துக் கொடுத்தும் உட்காரவில்லை.

இவர்தான் பேச்சை ஆரம்பித்தார். நான் சொல்கிறேன் என்றும் விடவில்லை. "சார், ஒரு நிமிஷம்" என்று சுரண்டியை எடுத்து, டாக்டர் பார்க்கப் பார்க்கப் பெயிண்டைச் சுரண்டினார். பச்சை சுருள் சுருளாக வந்தது. ஒரு இடத்தில் கை நின்றது. அங்கே பெயிண்ட் சுருளவில்லை, மெத்தென்று ஏடு மாதிரி உரிந்தது. இரண்டு ஏடு. இவர் என்னைப் பார்த்தார். நான் கேஜ் பெட்டியைப் பார்த்தேன். மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

டாக்டர் பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச் எடுத்துக் குனிந்து பார்த்தார், நோயாளியின் கண்ணைப் பார்க்கிற மாதிரியே. நிமிர்ந்தபோது எரிச்சல். இதற்காகவா பெங்களூரிலிருந்து வந்தேன் என்றார். வேறு இன்ஜின் தேடுகிறோம் என்றேன். எல்லா மெக்கானிக்கும் இதைத்தானே சொல்கிறான் என்றார். நான் மெக்கானிக் இல்லை, இன்ஸ்பெக்டர் என்றேன். வாய் கொஞ்சம் அதிகம்தான் எனக்கு. கடைசியில், புனேக்கு வண்டி ஏற்ற லாரி அடுத்த மாதம்தான் கிடைக்குமாம், அதுவரை ஹெரால்டு இங்கேயே நிற்கட்டும், அதற்குள் கண்டுபிடித்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை இவர் வாசலில் நின்றார். அப்புறம் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

"நான் ஒரு கோட்டுதான் அடிச்சன் மலரு."

"ஆமா."

"ரெண்டாவது நீயா?"

"ஆமா."

"எப்ப?"

"நீங்க கேஸ்கெட் வாங்கப் போனப்ப."

கையை உதறினார். "அப்ப நேத்து நான் கேட்டாண்ட வரலன்னா?"

"லெட்டர வாங்கியிருப்பேன்."

"அவ்ளோதானா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "அதுக்கப்புறம் இந்த ஷெட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டேன். எதுவும் சொல்லியிருக்கவும் மாட்டேன்."

"என்னயே டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தியா? ரெண்டு நாளா? நான் சோறு எறங்காம சுத்திக்கினு இருக்கறன், நீ எதிர்லயே உக்காந்து பாத்துக்கினு இருந்தியா?"

"ஆமா."

சுரண்டியை மேஜையில் வீசினார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் கோபத்திலும் இருக்கிறது. இரண்டையும் எதில் வைத்து அளப்பது?

வெளியே போய் பைக்கை ஸ்டார்ட் பண்ணினார். பர்கூர் பக்கம் ஒரு கல் குவாரியில் ஹெரால்டு இன்ஜின் கிடப்பதாகக் காலையில் பாஷா பாய் சொல்லியிருந்தார். தனியாகக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

போகவில்லை. பைக் அங்கேயே உறுமிக்கொண்டு நிற்கிறது. கூப்பிடவும் இல்லை, ஹார்ன் அடிக்கவும் இல்லை, ஆஃப் பண்ணவும் இல்லை. பின் சீட்டைத் துடைக்கிற மாதிரி தெரிகிறது. கொஞ்சம் நிற்கட்டும் என்றுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்ரோல் வீணாகிறது. போகிறேன்.